ஒன்பது பெட்டியும் ஏழு வாய்க்காலும்

எழுத்தொலி பிறக்கும் இடங்களைத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டாக வகுத்துக் காட்டினார் தொல்காப்பியர். அவ்வெட்டும் மாந்தர் உடலுக்குள்ளேயே அடங்கியவை. இன்றைய இல்லங்களிலோ ஒலி பிறக்கும் இடங்கள் கூடத்துச் சுவர்களிலும் மூலைகளிலும் மச்சிலும்கூடப் பரவிக் கிடக்கின்றன. 'ஹோம் தியேட்டர்' என்று நாம் அழைக்கும் அவ்வமைப்பில் எத்தனைப் பெட்டிகளை வைக்கலாம், அவற்றுள் எத்தனை உண்மையில் வாய் திறக்கும் என்னும் கேள்வி ஒரு குடும்பத்தின் பணத்தோடும் மன அமைதியோடும் தொடர்புடையதாகிவிட்டதை அண்மையில் அரும்பாவூரில் நேரில் கண்டோம். அதன் விளைவே இக்கட்டுரை.

பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்த அரும்பாவூர், மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற பேரூர். அவ்வூர்ச் சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கு வாழும் நம் உறவினர் ஒருவர் பதினைந்து ஆண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பியவர். புதிதாய்க் கட்டிய வீட்டின் கூடத்தில், சேமிப்பின் ஒரு பகுதியைக் கொண்டு, ஒலிபெருக்கிக் கருவி ஒன்றையும் ஒன்பது ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஒரு வூஃபரையும் வாங்கிப் பொருத்தினார். கருவியின் பின்புறத்தில் ஒன்பது இணை கம்பி முனைகள் இருந்தன. ஆகவே ஒன்பது பெட்டிகள். கணக்கு நேர்மையானதுதான். ஆனால் மச்சில் பொருத்திய இரண்டு பெட்டிகளும் பேசும்போது பின்சுவரில் இருந்த இரண்டும் ஊமையாயின; பின்சுவர்ப் பெட்டிகள் பேசும்போது மச்சுப் பெட்டிகள் வாய்மூடின. கருவி பழுது என்று முடிவுகட்டி விற்ற கடைக்குச் சென்றார். பழுதில்லை, இதற்கு மேற்படி உள்ள கருவியை வாங்குங்கள் என்றனர். அதன் விலை முன்னதைப் போல இரு மடங்கு.

இதனினும் பெரிய குறை ஒன்று அவ்வீட்டில் இருந்தது. அதைச் சொன்னவர் உறவினரின் தாயார். எழுபதைக் கடந்த அவர் நம்மை அழைத்து, "தம்பி, சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேசுறதுதான் ஒண்ணும் வெளங்கல. பழைய டிவியிலயே நல்லா வெளங்குச்சு" என்றார். மகன் தலைகுனிந்து நின்றார். தாயாருக்காகவே இத்தனையும் வாங்கினேன் என்று வழியெல்லாம் நம்மிடம் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்.

நாம் தமிழ் பயிற்றுவிப்போர். மின்னியல் நம் துறையன்று. ஆதலின் இயற்பியல் துறை நண்பர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு, அடுத்து வந்த இரண்டு விடுமுறை நாள்களை அவ்வீட்டிலேயே கழித்தோம். கற்றுக்கொண்டவற்றை நம் மொழியில் எழுதிவைப்பது கடமை எனத் தோன்றிற்று.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'சேனல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை 'அலைவரிசை' என்றும், ஒலிப்பதிவைப் பொறுத்தவரை 'தடம்' என்றும் வழங்குகிறோம். ஆயினும் அச்சொல்லின் அடிப்படைப் பொருள் வாய்க்கால் என்பதே. தமிழில் 'கால்' என்றாலே வாய்க்காலையும் குறிக்கும், காற்றையும் குறிக்கும். காற்றில் செல்லும் ஒலிக்கு 'ஒலிக்கால்' என்று பெயரிட்டால் எத்துணைப் பொருத்தம்! ஆனால் கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் சேனல் என்றே சொல்லிப் பழகிவிட்டனர். நாமும் அவ்வாறே எழுதுகிறோம். வாய்க்கால் என்னும் பொருளை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்க. மேலே வருவன அனைத்தும் அதனால் எளிதில் விளங்கும்.

ஒலியைப் பல வாய்க்கால்களாகப் பிரிக்க வேண்டிய தேவை என்ன? நமக்கு இருப்பவை இரண்டு செவிகளே. வலப்பக்கத்து ஒலி வலச்செவியை முதலில் அடைகிறது. இடச்செவியை அடைய ஏறக்குறைய ஒரு நொடியின் ஆயிரத்தில் முக்கால் பங்கிற்கும் குறைவான நேரம் கூடுதலாகிறது. தலை இடையில் நிற்பதால் ஒலியின் வலிமையும் சற்றுக் குறைகிறது. இவ்விரு வேறுபாடுகளையும் கொண்டே மூளை திசையை அறிகிறது என்பதை 1907ஆம் ஆண்டில் ராலே பிரபு விளக்கினார். 1931இல் ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் இரு தடங்களில் ஒலியைப் பதியும் முறைக்குக் காப்புரிமை கோரினார். ஸ்டீரியோ என்று நாம் வழங்குவது அதுவே.

திரையரங்கில் இரண்டு போதவில்லை. ஓரத்து இருக்கையில் அமர்ந்தவருக்கு அருகில் உள்ள பெட்டியே எல்லாவற்றையும் பேசுவதுபோல் தோன்றும். திரையின் நடுவில் நிற்கும் நாயகனின் குரல் சுவரோரத்திலிருந்து வரும். ஆகவே திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு பெட்டி வேண்டியதாயிற்று. நடுச் சேனல் என்பது உரையாடலுக்காகப் பிறந்தது. இதனை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

தமிழ்த் திரையுலகம் இத்துறையில் பின்தங்கியதில்லை. 1978இல் வெளிவந்த 'ப்ரியா'வின் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவாயின. 1986இல் 'மாவீரன்' 70 மி.மீ. படச்சுருளில் ஆறு ஒலித்தடங்களோடு வந்தது. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ முறையையும், 1996இல் 'கறுப்பு ரோஜா' டி.டி.எஸ். முறையையும் கொணர்ந்தன. 2012 டிசம்பரில் 'சிவாஜி'யின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸ் ஒலியோடு வந்தது. 'டி.டி.எஸ். தியேட்டர்' என்று சுவரொட்டியில் அச்சிட்டுக் கூட்டம் சேர்த்த காலம் நம் தலைமுறையினர் பலருக்கும் நினைவிருக்கும்.

இம்முறைகளுக்குள் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. டால்பி ஸ்டீரியோவில் இடம், வலம், நடு, சூழல் ஆகிய நான்கு ஒலிகளும் இரண்டே தடங்களுக்குள் மடித்து வைக்கப்பட்டன. இரு தடங்களிலும் ஒத்த நிலையில் வரும் ஒலி நடுப்பெட்டிக்கு. ஒன்றுக்கொன்று எதிர்நிலையில் வரும் ஒலி சூழற்பெட்டிகளுக்கு. வீட்டுக் கருவிகளில் 1987 முதல் வந்த 'புரோ லாஜிக்' இம்மடிப்பை விரித்துக் காட்டியது. ஆயினும் சூழல் ஒலி ஒற்றைச் சேனல்தான். 7,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட நுண்ணொலி அதில் வாராது. பின்னர் வந்த டால்பி டிஜிட்டலும் டி.டி.எஸ்ஸும் ஆறு ஒலிகளையும் தனித்தனியே கொண்டுவந்தன. 5.1 என்பதில் ஐந்து என்பது முழுச் சேனல்கள். புள்ளிக்குப் பின் வரும் ஒன்று, ஏறத்தாழ 120 ஹெர்ட்சுக்கு உட்பட்ட அடியொலியை மட்டும் சுமக்கும் குறுஞ்சேனல். அதுவே வூஃபருக்குரியது. பின்சுவருக்கு இரண்டைக் கூட்டினால் 7.1. அட்மாஸ் முறையில் மச்சுக்கென ஓர் எண் மூன்றாவதாகச் சேர்கிறது, 5.1.2 என்றால் மச்சில் இரண்டு பெட்டிகள்.

அட்மாஸ் முறையில் ஒலிகள் பெட்டிகளுக்கென்று ஒதுக்கப்படாமல், இந்த ஒலி இந்த இடத்தில் என்னும் குறிப்போடு வருகின்றன. திரையரங்கில் 128 ஒலிக்கூறுகள் வரை கையாண்டு, 64 வழிகளில் பெட்டிகளுக்கு அனுப்ப இயலும். வீட்டில் இருப்பவை ஏழாயினும் ஒன்பதாயினும் கருவி அக்குறிப்புகளைப் படித்து, உள்ள பெட்டிகளுக்கேற்பப் பங்கிட்டுவிடுகிறது. ஆதலின் பெட்டி குறைந்தால் ஒலி எதுவும் தொலைந்துபோவதில்லை. இடத்தின் நுணுக்கமே குறைகிறது. இச்செய்தியைக் கேட்ட பின்னரே உறவினரின் முகத்தில் சிறிது தெளிவு பிறந்தது.

இனி அவருடைய கருவிக்கு வருவோம். அதன் பெட்டிமீது 7.2 என்றே எழுதியிருந்தது. பின்புறத்தில் ஒன்பது இணை முனைகள். உள்ளே இருந்த பெருக்கிகளோ ஏழு. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு பெருக்கி வேண்டும். ஏழு பெருக்கிகளை வைத்துக்கொண்டு ஒன்பது முனைகள் எதற்கு என்று கேட்டால், விடை எளிது. கடைசி இரண்டு பெருக்கிகளைப் பின்சுவருக்கோ, மச்சுக்கோ, வேறோர் அறைக்கோ வேண்டியவாறு திருப்பிக்கொள்ளலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றற்கே. வயலுக்குப் பாயும் வாய்க்காலில் இரு மடைகள் வெட்டி, ஒன்றை அடைத்து மற்றொன்றைத் திறப்பதைப் போன்றது இது. கையேட்டின் நடுப்பக்கம் ஒன்றில் சிற்றெழுத்தில் இச்செய்தி இருந்தது. அதை முன்புறத்தில் பேரெழுத்தில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நாம் கேட்டோம். நண்பர் சிரித்தார். பெட்டியின் மேற்புறத்து இரண்டு என்னும் எண்ணும் அத்தகையதே. இரண்டு வூஃபர்களை இணைக்க வாய் உண்டு என்பதே அதன் பொருள், அடியொலிச் சேனல் இரண்டு என்பதன்று.

வேறு சில கருவிகளில் நிலை இன்னும் சிக்கலானது. பதினொரு சேனல்களைப் பகுத்தறியும் ஆற்றல் உள்ளே இருக்கும். பெருக்கிகள் ஒன்பதே இருக்கும். எஞ்சிய இரண்டிற்கும் மெல்லிய மின்குறியை வெளியே அனுப்பும் வாய்கள் அமைந்திருக்கும். தனி ஆம்ப்ளிபயர் வாங்கி அங்கே இணைத்துக்கொள்ள வேண்டும். நம் உறவினரின் கருவியில் வூஃபருக்கு மட்டுமே அத்தகைய வாய் இருந்தது. எனவே எத்தனை செலவிட்டாலும் அக்கருவியைக் கொண்டு எட்டாவது சேனலைப் பெற வழியில்லை.

கருவிக்கு வந்துசேரும் வழியும் ஒரு வரம்பே. தொலைக்காட்சியிலிருந்து கருவிக்கு ஒளியிழை வடம் ஒன்றை எலக்ட்ரீஷியன் பூட்டியிருந்தார். அவ்வடம் சுருக்கிய 5.1 ஒலிக்கு மேல் சுமக்காது. அட்மாஸ் அதன்வழி வரவே வராது. எச்.டி.எம்.ஐ. வடத்தை அதற்குரிய வாயில் மாற்றிய பின்னரே தொலைக்காட்சியின் செயலிகளில் ஓடிய படங்களின் மச்சொலி கருவியை அடைந்தது. தாயார் பார்க்கும் தொடர்களோ இரு சேனல்களில் வருபவை. மூலத்தில் இரண்டே இருக்க, முனைகள் ஒன்பது இருந்து என்ன?

இனி ஆற்றலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு கேசட் பிளேயர்களின் மேல் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கான வாட் அச்சிட்டு விற்றனர்; நொடிப்பொழுதும் நிலைக்காத அவ்வெண்ணால் ஒரு பயனும் இல்லை. இன்றைய கருவிகளில் அச்சிடுவது அத்துணைப் பொய்யன்று. எனினும் முழு உண்மையும் அன்று. 'ஒரு சேனலுக்கு 100 வாட்' என்னும் அளவு பெரும்பாலும் இரண்டு சேனல்களை மட்டும் இயக்கி எடுத்தது. ஏழையும் ஒருசேர இயக்கினால் ஒவ்வொன்றுக்கும் அதில் பாதியளவே கிடைப்பதும் உண்டு. காரணம், ஏழு பெருக்கிகளுக்கும் மின்வழங்கி ஒன்றே.

அரும்பாவூர் ஏரியை எண்ணிப் பார்க்க. இரண்டு மதகுகளைத் திறந்தால் இரு வாய்க்கால்களிலும் நீர் நிறைந்து ஓடும். ஏழு மதகுகளையும் ஒருங்கே திறந்தால் கடைமடைக்கு நீர் குறையும். வாய்க்காலின் அகலத்தை மட்டும் சொல்லி ஏரியின் கொள்ளளவைச் சொல்லாமல் விடுவதே விளம்பர உத்தி.

ஆயினும் இதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை என்றார் நண்பர். 100 வாட் 50 ஆகக் குறைந்தால் செவிக்குத் தெரியும் வேறுபாடு மூன்று டெசிபல்தான். ஒலி இரு மடங்காய்க் கேட்க வேண்டுமெனில் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். திரைப்படத்தில் ஏழு சேனல்களும் ஒருசேர உச்சக் குரலில் முழங்கும் கணங்களும் மிகச் சிலவே. மேலும், ஆற்றலை மிகுதியாய் உறிஞ்சுவது அடியொலி. 80 ஹெர்ட்சுக்கு உட்பட்டதைச் சிறு பெட்டிகளுக்கு அனுப்பாமல் வூஃபருக்குத் திருப்பும் அமைப்பு கருவியிலேயே உண்டு. வூஃபருக்குள் அதற்கெனத் தனிப் பெருக்கி இருப்பதால் பொது ஏரியின் சுமை கணிசமாய்க் குறையும்.

உறவினர் வீட்டில் நிகழ்ந்த தவறு வேறு. ஊமையாய் இருந்த பின்சுவர்ப் பெட்டிகளுக்கு உயிர்கொடுக்க விரும்பிய எலக்ட்ரீஷியன், அவற்றின் கம்பிகளைப் பக்கப் பெட்டிகளின் முனைகளிலேயே சேர்த்து முறுக்கிவிட்டார். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் 6 ஓம் பெட்டிகள் இரண்டை இவ்வாறு இணையாய்ச் சேர்த்தால் மின்மறுப்பு 3 ஓமாகிவிடும். பெருக்கி இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டிவரும். 4 ஓமுக்குக் கீழே இறங்கலாகாது என்று கருவியின் பின்தகட்டிலேயே எச்சரிக்கை இருந்தது. சண்டைக் காட்சிகளில் சிவப்பு விளக்கு மின்னி, கருவி தானே அணைந்துபோனதன் காரணம் இதுவே. காப்புச் சுற்று இருந்ததால் தப்பியது. அது இல்லாத மலிவுக் கருவியாயின் பெருக்கி எரிந்து போயிருக்கும். வாய்க்கால் ஒன்றை நடுவில் வெட்டி இரண்டாக்கினால் நீர் இரண்டாகாது, கரைதான் உடையும்.

எல்லாம் அறிந்தும் தாயாரின் குறை தீரவில்லை. முதல் நாள் மாலை அவர் பார்க்கும் தொடர் ஒன்றை உடனிருந்து கேட்டோம். நமக்குமே பாதிதான் விளங்கிற்று. நண்பர் எழுந்து ஒவ்வொரு பெட்டியிடமும் சென்று செவியை வைத்துக் கேட்டுவிட்டு, "எல்லாரும் ஒரே பேச்சைப் பேசுறாங்க" என்றார். எலக்ட்ரீஷியன், எந்தப் பெட்டியும் சும்மா இருத்தலாகாது என்று கருதி, எல்லாப் பெட்டிகளிலும் ஒரே ஒலி வரும் முறையில் கருவியை நிறுத்திவிட்டுச் சென்றிருக்கிறார். திருமண மண்டபத்துக்கு அது பொருந்தும். கூடத்திலோ, ஒரே சொல் நடுப்பெட்டியிலிருந்து ஒரு கணத்திலும், பக்கச் சுவரிலிருந்து மறுகணத்திலும், மச்சிலிருந்து இன்னொரு கணத்திலும் வந்து ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. ஒரு மீட்டர் தொலைவு வேறுபட்டால் ஆயிரத்தில் மூன்று நொடி வேறுபடும். போதாக்குறைக்கு டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவர்களும் ஒவ்வோர் ஒலியையும் திருப்பித் திருப்பி அனுப்புகின்றன.

இளஞ்செவி இதைச் சமாளித்துவிடும். முதுமையில் செவித்திறன் முதலில் குறைவது மேல் அலைவெண்களில். தமிழின் லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காட்டும் ஒலிக்கூறுகளும், பல வல்லெழுத்துகளின் தெளிவும் பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்சுக்கு மேற்பட்ட பகுதியிலேயே உள்ளன. உயிரொலி கேட்கும், மெய்யொலி மங்கும். சத்தம் இருக்கிறது, பேச்சு விளங்கவில்லை என்று அத்தாயார் சொன்னது அறிவியலார் சொல்வதைவிடச் செறிவான விளக்கம்.

மறுநாள் நாம் செய்தவை மிகச் சில. எல்லாப் பெட்டிகளும் ஒன்றையே பேசும் முறையை நீக்கி, இரு சேனல் ஒலியிலிருந்து நடுவொலியைப் பிரித்தெடுக்கும் முறையில் வைத்தோம். பேச்சு நடுப்பெட்டிக்கு மட்டும் வந்தது. அப்பெட்டியோ தொலைக்காட்சி அலமாரியின் கீழ்த்தட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் கிடந்தது! வெளியே எடுத்து, முகப்புச் சற்று மேல்நோக்கிச் சாயுமாறு வைத்தோம். நடுச் சேனலின் அளவை மட்டும் மூன்று டெசிபல் உயர்த்தினோம். நாடாவால் அளந்து ஒவ்வொரு பெட்டியின் தொலைவையும் கருவியில் பதித்தோம். எதிர்ச்சுவரில் தடித்த திரைச்சீலை ஒன்றும் தரையில் ஒரு ஜமக்காளமும் இடம்பெற்றன.

பின்சுவர்ப் பெட்டிகளையும் மச்சுப் பெட்டிகளையும் பற்றிய முடிவு எஞ்சி நின்றது. சோபா பின்சுவரை ஒட்டியே கிடந்தது. அதற்குப் பின்னால் பெட்டி வைக்க ஒரு முழ இடமும் இல்லை. தலைக்கு மேலேயே தொங்கிய அவ்விரு பெட்டிகளும் பின்னொலி தருவதற்குப் பதிலாகக் காதில் கத்திக்கொண்டிருந்தன. அறை நீண்டிருந்து, இருக்கைக்குப் பின்னால் ஒன்றிரண்டு மீட்டர் வெளியிருந்தால் மட்டுமே அவற்றுக்குப் பயனுண்டு. ஆகவே அவற்றைக் கழற்றினோம். ஏழு பெருக்கிகளும் ஏழு பெட்டிகளுக்குச் சரியாய் அமைந்தன; 5.1.2 என்னும் முறை நிலைத்தது. இரு மடங்கு விலையுள்ள கருவி வேண்டாவென உறவினர் கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

அன்று மாலை தாயார் வழக்கமான இடத்தில் அமர்ந்து தொடரைப் பார்த்தார். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், "இவ பேசுறது இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே. மாமியாருக்கு எதுத்துல்ல பேசிக்கிட்டு இருந்திருக்கா!" என்றார்.

கழற்றிய பெட்டிகள் இரண்டும் பேரனின் படிப்பறையில், பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் ஒன்றோடு இணைந்து பாடிக்கொண்டிருக்கின்றன. நடுப்பெட்டியின் முகப்பைக் கொடிவேலைப்பாடு செய்த மரச்சட்டத்தால் மூட வேண்டுமென்று உறவினருக்கு ஆசை. மரம் மறைத்தால் மெய்யொலி மீண்டும் மங்கும் என்று நண்பர் தடுத்துவிட்டார். ஊர்ச் சிற்பி ஒருவர் அதற்கு மாற்றாக, பெட்டி சாய்ந்து நிற்பதற்கேற்ற பீடம் ஒன்றை வேப்ப மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். கொடிகள் பீடத்தின் ஓரத்தில் படர்கின்றன. பெட்டியின் வாய் திறந்தே இருக்கிறது.